பீற்றர்சன் ஒருமுறைதான் கேட்டார்

1

மன்னாரில் இருக்கும் என் தங்கை வருடத்தில் ஒருமுறையாவது கேட்பாள்: "அண்ணை, அங்க ஸ்னோ கொட்டுதாமே, ஒரு படம் எடுத்து அனுப்புங்கோவன்." நானும் அனுப்புவேன். ஆப்பிள் மரத்தின் மேலும் வேலியின் மேலும் தபால் பெட்டியின் மேலும் வெள்ளை வெளேரென்று கிடக்கும். அவள் அதைத் தன் சிநேகிதிகளுக்கு அனுப்புவாள். அவர்கள் "ஐயோ, சொர்க்கம்" என்று எழுதுவார்கள். அந்தச் சொர்க்கத்தில் வழியைத் துப்புரவு செய்வது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

செய்வது நான்தான். இங்கே ஜேர்மனியில் வீட்டுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையைக் காலை ஏழு மணிக்குள் வழித்துவிட வேண்டும். வழிக்காமல் விட்டு, போகிற வருகிற ஆள் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் பொறுப்பு நம்முடையது. எனக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தெட்டுப் பனிக்காலம் வழித்துவிட்டேன். ஒவ்வொரு வருடமும் மாசி பிறந்தால், இனிக் கொட்டாது என்று பனி அள்ளும் சவளைக் கொட்டிலுக்குள் வைப்பேன். அதற்கு அடுத்த கிழமை கொட்டும்.

இந்த முறையும் அப்படித்தான். மாசிக் கடைசியில், எல்லோரும் பனிக்காலம் முடிந்ததென்று இருந்த நேரத்தில், பெரும்புயலாக வந்தது. தங்கை படம் கேட்டாள். நான் அனுப்பவில்லை. "என்ன, எங்களை மறந்திட்டீங்களோ?" என்று கோபித்துக்கொண்டாள். மறக்கவில்லை. படத்தில் வராத காரியங்கள் சில நடந்துவிட்டன. அவளுக்கும், அவளைப் போல அங்கிருந்து கேட்கிறவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

2

முதலில் ஜெசிந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி. அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதில்லை. மூன்று வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள், இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்துக்குப் போய், ஓர் இயந்திரத்தோடு நாலரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அவளுடைய இரத்தம் இடது கையால் வெளியே போய், கழுவப்பட்டு, அதே கையால் திரும்பி வரும். டயாலிசிஸ் என்ற சொல் இப்போது எங்கள் ஊர்களிலும் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது, விளக்கத் தேவையில்லை.

அவள் ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடிய தண்ணீரை ஒரு சின்னப் போத்தலில் காலையில் அளந்து வைப்போம். உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, அவித்த தண்ணீரையும் ஊற்றிவிட்டுத்தான் கறி வைக்கலாம். தேங்காய்ப்பால், முருங்கையிலை, வாழைப்பழம் எல்லாம் விலக்கு. எங்கள் சமையலில் ருசியானது எதுவோ அது அவளுக்கு நஞ்சு. தவக்காலம் தொடங்கியபோது இந்த முறை எதை விடப்போகிறாய் என்று பகிடியாகக் கேட்டேன். "விடுறதுக்கு இனி உங்களைத்தான் விடவேணும்" என்றாள்.

அவள் போய்வரும் ராக்சிக்காசைக் காப்புறுதி கொடுக்கும். ஆனால் வருடம் ஒருமுறை அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுத வேண்டும். நாலு பக்கம். அதில் ஒரு கேள்வி: நோயாளியின் நிலையில் மாற்றம் ஏதும் உண்டா? நான் "இல்லை" என்ற பெட்டிக்குள் புள்ளடி போடுவேன். இந்த வருடம் ஜெசிந்தா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, "ரெண்டும் திரும்ப முளைச்சிட்டுது எண்டு எழுதுங்கோ. என்ன செய்யினம் எண்டு பாப்பம்" என்றாள். எழுதவில்லை. இந்த நாட்டு அலுவலகத்தோடு பகிடி விட்டால் அதற்கும் ஒரு படிவம் வரும்.

நாங்கள் இருப்பது ஹம்பேர்க்கிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். பாண் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்ததால் வந்தோம். வந்த இடத்தில் இருந்துவிட்டோம். வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. மீனும் மிளகாய்த்தூளும் வேண்டுமென்றால் ஹம்பேர்க் பெரிய ஸ்டேசனடிக்குப் போக வேண்டும். மகள் நிலானி லைப்சிக்கில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பாள். பூசைக்குப் போனாயா என்று தாய் கேட்பாள், வெளியில் குளிர் எப்படி என்று மகள் கேட்பாள். இரண்டு கேள்விகளுக்கும் பதில் வருவதில்லை.

3

புதன்கிழமை பின்னேரம் கைபேசி திடீரென்று ஊளையிட்டது. வானிலை எச்சரிக்கை. வியாழன் நள்ளிரவு தொடங்கிக் கிழக்குக் காற்றோடு கடும் பனி, அவசியமில்லாமல் வீதிக்கு இறங்க வேண்டாம் என்றிருந்தது. பள்ளிக்கூடங்கள் பூட்டு. ரயில்கள் ஓடாது. என் தொழிற்சாலையும் வெள்ளிக்கிழமை வரமுடியாதவர்கள் லீவு எடுங்கள் என்று செய்தி அனுப்பியது.

கடைக்குப் போனேன். ஜேர்மன்காரருக்குப் பயம் வந்தால் முதலில் கக்கூஸ் கடதாசி முடியும், பிறகு ஈஸ்ட் முடியும், அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுக்கு வருவார்கள். நான் மெழுகுதிரியும் பற்றரியும் மட்டும் வாங்கினேன். அரிசி, பருப்பு, கருவாடு எங்கள் வீட்டில் எந்த நேரமும் இரண்டு மாதத்துக்குக் கிடக்கும். ஊரடங்கில் வளர்ந்த ஆட்களுக்கு ஒருவரும் எச்சரிக்கை விடத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்தால் ஜெசிந்தா படுக்கையில் கடதாசிகளைப் பரப்பி வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட்டுகள், பங்குத்தந்தை ஒப்பமிட்ட கல்யாணப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம், மகளின் பள்ளிக்கூட றிப்போட்டுகள், காப்புறுதி அட்டை. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டாள். அங்கே ஆமி முன்னேறி வருகிறதென்றால் எங்கள் பெண்கள் முதலில் தூக்குவது இந்தப் பையைத்தான்.

"ஸ்னோவுக்கு வீட்டை விட்டு ஓடுறேல்லை ஜெசி. வீட்டுக்குள்ளதான் இருக்கிறது."

"உங்களுக்கு எல்லாம் தெரியும். எதுக்கும் இருக்கட்டும்."

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அவளை எப்படிக் கொண்டுபோவது என்ற ஒன்றைத் தவிர வேறு யோசனையும் இல்லை. வெள்ளி தவறினால் அடுத்தது திங்கள். புதனிலிருந்து திங்கள் வரைக்கும் ஐந்து நாள். தண்ணீர் நெஞ்சில் ஏறும், இரத்தத்தில் சேரும் பொட்டாசியம் உப்பு இருதயத்தை நிறுத்திவிடும். அதைத் தாதி எங்களுக்கு முதல் கிழமையே சொல்லித் தந்திருந்தார். வியாழன் காலை சிகிச்சை நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்து, இன்றைக்கே கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கட்டில்கள் எல்லாம் நிறைந்துவிட்டன என்றார்கள். "நாளை நாங்கள் திறந்திருப்போம். எந்த நேரமென்றாலும் வாருங்கள். மூச்சு முட்டினால் உடனே அம்புலன்சுக்கு 112." மூச்சு முட்டும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். ராக்சிக்காரர், பார்ப்போம் என்றார். இந்த நாட்டில் பார்ப்போம் என்று ஒருவர் சொன்னால் உண்மையிலேயே பார்க்கத்தான் போகிறார், வாக்குக் கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் வேலிக்கரையில் சவளோடு நின்றபோது பக்கத்து வீட்டுப் பீற்றர்சன் வந்தார். எழுபத்துநாலு வயது. முன்பு மாடு வளர்த்தவர். மாடுகளை விற்றுவிட்டார், முன்னால் வாளி பூட்டிய உழவு இயந்திரத்தை மட்டும் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். பதினெட்டு வருடப் பழக்கத்தில் அவர் என்னோடு பேசிய மொத்தத்தையும் ஒரு கொப்பியில் எழுதலாம். அவர் மேற்கிலும் கிழக்கிலும் வானத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நாளைக்கு உன் மனைவியை நான் கொண்டுபோய் விடட்டுமா?"

நான் சொன்னேன்: "இல்லை, இல்லை. பெரிய நன்றி. உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல். ராக்சி வரும்."

"நல்லது" என்றார். திரும்பினார். தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் அந்த வேலிக்கரையிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

4

எதற்காக நின்றேன் என்று தங்கைக்கு விளங்கும், உங்களுக்கும் விளங்கும். அவர் திரும்பக் கேட்பார் என்றுதான்.

மன்னாரில் எங்களை அம்மா ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனால், வாசலிலேயே கையைப் பிடித்துச் சொல்லிவிடுவார். குடுத்த உடனே வாங்கக் கூடாது. தேத்தண்ணி என்று அவர்கள் சொல்வார்கள். "வேண்டாம், வேண்டாம்" என்று அம்மா சொல்வார். அதென்ன வேண்டாம் என்று அவர்கள் திரும்பக் கேட்பார்கள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்பார் அம்மா. நாங்கள் விடிந்ததிலிருந்து ஒன்றும் குடித்திருக்க மாட்டோம். மூன்றாம் தடவை அவர்கள் கோபிப்பது போலப் பேசியதும், "சரி, அப்ப அரைக் கோப்பை" என்பார். முழுக் கோப்பைதான் வரும். கேட்கிறவர்களுக்கும் தெரியும், மறுக்கிறவர்களுக்கும் தெரியும். ஒருமுறை நான் முதல் தடவையிலேயே கையை நீட்டி முறுக்கை வாங்கி, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தொடையில் கிள்ளு வாங்கினேன்.

ஜேர்மனிக்கு வந்து அகதி விடுதியில் இருந்த காலத்தில், அந்த ஊர்த் தேவாலயத்தில் இருந்து ஒரு பெண்மணி எங்களுக்குக் கேக் கொண்டுவந்தார். பிளம்ஸ் பழம் வைத்த கேக். இரண்டு நாளாக வயிற்றுக்குச் சரியாக ஒன்றும் போகாத எனக்கு நேரே நீட்டினார். "வேண்டாம், நன்றி" என்றேன். "அப்படியா" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்தார். அந்த அடுத்த ஆள் எரித்திரியாக்காரர். அவர் என் பங்கையும் சேர்த்துத் தின்றதை நான் கடைசித் துண்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு பாடம் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஜேர்மன்காரர் ஒருமுறைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள், அதுதான் அவர்களுடைய மரியாதை. உன் சொல்லை நம்புகிறார்கள். புதிதாக வருகிற நம்முடைய பெடியளுக்கெல்லாம் நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெரிய மனிதர் போல.

பிறகு ஏன் அன்றைக்குச் சொன்னேன்? இரண்டு மூன்று கிழமையாக யோசித்துப் பார்த்துவிட்டேன். கேக்குக்கும் கோப்பிக்கும் ஓம் சொல்ல என் நாக்குப் பழகிவிட்டது. பெரிய விசயம் வந்ததும் அது கேட்காமல் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டது.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் கிழங்கு ஊறவைத்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தாள் திரும்பக் கேட்டதோ?"

"இல்லை."

"கேக்காது" என்றாள். "போய்ச் சொல்லுங்கோ, எங்களுக்கு வேணுமெண்டு."

"ராக்சி வரும்."

"வராட்டில்?"

"வருமெண்டு சொல்லுறன் தானே!" என்று சத்தம் போட்டேன். நாற்பது மீற்றர் தூரம் நடந்துபோய்க் கதவைத் தட்டி, சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க வெட்கம். வெட்கப்படுகிற மனிதன் வீட்டில்தான் சத்தம் போடுவான். அவள் கிழங்குக்கு அடுத்த தண்ணீரைப் பிடித்தாள்.

5

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ராக்சிக்காரர் ரெலிபோன் எடுத்தார். மன்னிக்கவும், எங்கள் கார்கள் ஒன்றும் வெளியில் இறங்காது.

முன்கதவைத் திறக்க முடியவில்லை. காற்று பனியைக் கொண்டுவந்து இடுப்பளவுக்குக் குவித்திருந்தது. பின்கதவால் இறங்கி, வேலி எங்கே வீதி எங்கே என்று தெரியாமல் பீற்றர்சன் வீட்டுக்குப் போனேன். கொட்டில் திறந்து கிடந்தது. உழவு இயந்திரம் இல்லை. அவருடைய மனைவி ஜன்னலைத் திறந்தார்.

"ஐந்து மணிக்கே பால் பண்ணைக்குப் போய்விட்டார். பால் எடுக்க வந்த லொறி அங்கே புதைந்துவிட்டதாம். உங்களுக்குத் தேவையில்லை என்று சொன்னீர்களாமே?"

நான் தலையை ஆட்டினேன். அவருக்கு ரெலிபோன் எடுக்கலாமா என்று கேட்டேன். அந்தப் பெண்மணி தன் பின்னால் இருந்த மேசையைக் காட்டினார். பீற்றர்சனின் கைபேசி அதன் மேல் கிடந்தது.

திரும்பி வந்து பார்த்தேன். ஜெசிந்தா ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்து, கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். கண்ணிமைகள் வீங்கியிருந்தன. சாய்ந்தால் மூச்சு இழுக்கிறது என்றாள், பயப்படுகிற மாதிரி இல்லை என்றும் சொன்னாள். அவளுடைய கைபேசியில் 112 ஐ அழுத்தித் தயாராக வைத்து, "கூடினால் அமத்து" என்றேன்.

"நீங்கள் எங்க போறியள்?"

"ஓம் சொல்லப் போறன்."

பால் பண்ணை எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். கோடையில் இருபது நிமிடம். அன்று ஒரு மணி நேரம் எடுத்தது. காற்று முகத்தில் மணல் வீசுவது போல வீசியது. வீதியோரக் கம்புகளைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு காலாகப் புதைத்துப் புதைத்து எடுத்தேன். வழி முழுக்க என்னை நானே பேசிக்கொண்டு போனேன். இதில் எழுதக்கூடிய பேச்சில்லை. என் மரியாதை, என் வெட்கம், என் அம்மா சொல்லித் தந்த நல்ல பழக்கம், இதெல்லாம் சேர்ந்து அவளைக் கதிரையில் இருத்தி வைத்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அந்தக் குளிரில் அதுவும் கன்னத்தில் உறைந்தது.

பண்ணை வாசலில் பால் லொறி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பீற்றர்சன் வாளியால் பனியை அள்ளி வயலுக்குள் எறிந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திக் கதவைத் திறந்தார். வழியில் ஜேர்மன் வசனங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

"நேற்று நான் வேண்டாம் என்றேன். அது உண்மையில்லை. எங்களுக்கு உங்கள் உதவி வேண்டும்."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் ஏன் வேண்டாம் என்றாய்?"

"எங்கள் ஊரில் திரும்பக் கேட்பார்கள்."

"எத்தனை தரம்?"

"மூன்று."

அவர் வானத்தைப் பார்த்தார், பால் லொறியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் காற்றிலா?" என்றார்.

சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. லொறியை விடுவித்தால்தான் வழி திறக்கும், அரை மணி நேரம் என்று சொல்லி, ஒரு சவளை என் பக்கம் எறிந்தார். அள்ளினேன். முப்பத்தெட்டுப் பனிக்காலத்திலும் அப்படி அள்ளியதில்லை.

6

உழவு இயந்திரத்தில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு இருக்கை இருக்கிறது. ஓர் ஆள்தான் இருக்கலாம். எங்கள் வீடுவரை நான் அதில் வந்தேன். அங்கிருந்து அது ஜெசிந்தாவுக்கு.

ஏணிப்படி உயரம். இடது கையால் அவள் எதையும் பிடித்து இழுக்கக் கூடாது, ஊசி குத்துகிற கை. பீற்றர்சன் மேலேயிருந்து அவளுடைய வலது கையைப் பிடித்தார். நான் கீழேயிருந்து தள்ளினேன். மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். மூச்சு திரும்பி வரும்வரை நானும் மூச்சு விடவில்லை. பிறகு திரும்பிப் பார்த்து, "கலியாணத்துக்கு மாட்டுவண்டில் கூடப் பிடிக்காத ஆள் நீங்கள். இப்ப பாருங்கோ" என்றாள். கடதாசிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். அதை விட்டுவிட்டுப் போ என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

"முடியும்வரை அங்கேயே நின்று கூட்டி வரட்டுமா?" என்று பீற்றர்சன் கேட்டார்.

"ஓம்" என்றேன். அவர் கேள்வியை முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

பத்தரைக்குத் தாதி ரெலிபோன் எடுத்தார். வந்து சேர்ந்துவிட்டா. உப்பு அளவு கூடித்தான் இருக்கிறது, ஆனால் இயந்திரத்தில் போட்டுவிட்டோம். இன்னும் சில மணி நேரம் பிந்தியிருந்தால் என்று தொடங்கி, அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதற்கு நன்றி சொன்னேன்.

7

வீட்டில் தனியாக இருந்தேன். மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஈரக் காலுறைகளைக் கழற்றிக் காயப்போட்டேன். நிலானி காலையிலிருந்து ஆறு தடவை எடுத்திருந்தாள். அங்கேயும் ரயில்கள் இல்லை, அவளால் வர ஏலாது.

திருப்பி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலிக்கரை, சத்தம் போட்டது, பால் லொறி, "இந்தக் காற்றிலா" எல்லாம். சிரித்தாள். "அப்பா, நீங்கள் இன்னும் அதைச் செய்யிறீங்களா?" என்றாள். பிறகு சிரிப்பை விட்டுச் சொன்னாள்:

"அப்பா, போன வருசம் ஈஸ்ரருக்கு நான் கேட்டனான்."

என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். ஈஸ்ரருக்கு வந்திருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டு மேசையில், அச்செடுத்துக் கொண்டுவந்த ஒரு கடதாசியை விரித்து வைத்து, தன்னுடைய சிறுநீரகம் ஒன்றை அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்றாள். இங்கே முன்பின் தெரியாத ஒருவருடையது கிடைக்க வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். ஜெசிந்தா கையிலிருந்த சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுவிட்டு, "வேண்டாம். அந்தக் கதை இந்த வீட்டில வேண்டாம்" என்றாள். நானும், "வேண்டாம் பிள்ளை" என்றேன். நிலானி கடதாசியை மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவள், ஒருமுறை சொன்னால் எடுத்துக்கொள்வாள், நல்லதுதான் என்று ஜெசிந்தா சொன்னாள். ஓம், நல்லதுதான் என்று நானும் சொன்னேன்.

"அப்ப நீங்கள் வேண்டாமெண்டது உண்மையாவோ? இல்லாட்டி பீற்றர்சனுக்குச் சொன்ன மாதிரியோ?"

"அம்மா உண்மையாத்தான் சொன்னவ."

"அம்மாவைக் கேக்கேல்லை. உங்களைக் கேக்கிறன்."

அந்த ஈஸ்ரருக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் அடிக்கும்போது, இன்றைக்குத் திரும்பக் கேட்பாளோ என்று நான் காத்திருந்ததை யாரிடம் சொல்ல முடியும்? கேட்காமல் வைத்துவிடுவாள். எனக்கு நிம்மதியாக இருக்கும், அதற்கு அடியில் வேறொன்றாகவும் இருக்கும். அந்த வேறொன்றுக்குப் பெயர் வைக்க நான் பயந்தேன். பெற்ற பிள்ளையை வெட்டக் கொடுப்பதா என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஜெசிந்தாவின் வீங்கிய கண்ணிமைகள்.

"அப்பா, நான் ரெஸ்ற் எல்லாம் செய்திட்டன். தையிலயே முடிஞ்சுது. எனக்கு ரெண்டும் நல்லா வேலை செய்யுதாம். இரத்த வகையும் அம்மாவின்ரதான். மிச்சத்துக்கு அம்மா வரவேணும், அவ ஓமெண்டு ஒப்பம் வைக்கவேணும். சித்திரையில டொக்டரைப் பாக்க ஒரு டெர்மின் எடுத்து வச்சிருக்கிறன்."

"எங்களுக்குச் சொல்லாமலோ?"

"சொன்னால் வேண்டாமெண்டு சொல்லுவீங்கள்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "இப்ப சொல்லுங்கோ. வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லுங்கோ. ஒருக்காச் சொன்னால் போதும். டெர்மினை வெட்டிவிட்டு இனிக் கேக்கவே மாட்டன்."

அவளுக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணமாகவில்லை. பிள்ளை குட்டி பெற வேண்டிய உடம்பு. இந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வாழ்க்கை முழுவதும் தேவையில்லாத இடங்களிலெல்லாம் சொன்ன சொல், அதைச் சொல்லவென்றே இருந்த ஒரேயொரு இடத்தில் வெளியே வரவில்லை.

"அப்பா?"

"நிக்கிறன்."

"அம்மாவோட நான் கதைக்கட்டோ?"

"நீ கதைக்காதை" என்றேன். "அம்மாவைச் சம்மதிக்க வைக்கிறது என்ர வேலை."